புதுப்பிப்பு: ஃப்ரீபிஎஸ்டியில் முரண்டு பிடித்த மேக்ஃபைல்

போன வாரம் புலம்பியிருந்தேனே, உபுண்டு லினக்ஸில் சமர்த்தா பில்ட் ஆகிற (கோடு, ஓடுற ப்ரோக்ராமா மாறுற) ப்ராஜெக்ட், ஃப்ரீபிஎஸ்டிங்கிற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும் 'இன்புட் ஃபைலே இல்லை'ன்னு கத்துதுன்னு? ஆள் சிக்கிட்டான். மேக்ஃபைல்ல (பில்ட் பண்ற 'மேக்' கருவிக்கு விதிகளை எழுதிவைக்கிற ஃபைல்) நான் போட்டிருந்த '$<' குறியீடுதான்.

உபுண்டுவில் இருக்கிற ஜிஎன்யூ மேக்கில் எந்த விதியில் இதைப் போட்டாலும், டார்கெட் (அந்த விதி உருவாக்குற ஃபைல்) சார்ந்திருக்கிற முதல் ஃபைலின் பேர் வந்துடும். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரமோ பின்னொட்டு விதி ('.c' ஃபைல்ல இருந்து '.o' ஃபைல் செய்யிற மாதிரி) மாதிரியான பொது விதிகளுக்கு மட்டும்தான் அதுக்கு உத்தரவாதம் தருது. நான் டார்கெட் பேர் சொல்லி எழுதின விதியில ஃப்ரீபிஎஸ்டியோட பிஎஸ்டி மேக் அந்த இடத்தைக் காலியா விட்டுடுச்சு. ஃபைல் பேரையே நேரா எழுதினேன், முடிஞ்சது. (இதுக்கா ரெண்டு ராத்திரி!)

'பேசாம ஃப்ரீபிஎஸ்டியிலயும் ஜிமேக் (ஜிஎன்யூ மேக்தான்) இன்ஸ்டால் பண்ணிக்கோ'ன்னு சிலர் சொன்னீங்க. நியாயம்தான். ஆனா பன்னிரண்டு ஃபைலுக்கு அது ஓவர். ஜிஎன்யூ மேக் பாணி 'இஃப்ஈக்யூ' (நிபந்தனை பார்க்கிறது), வைல்ட்கார்டு (ஃபைல்களைத் தானா தேடி எடுக்கிறது) ரெண்டையும் தூக்கிட்டு, ஃபைல் பட்டியலைக் கையாலேயே எழுதிட்டேன். அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு இடத்துலயும் ஓடுது.

ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர்ல இன்னும் ஓட்டிப் பார்க்கலை. அதோட வர்றது 2006-ல வெளியான ஜிஎன்யூ மேக் 3.81. சனிக்கிழமை நண்பனோட லேப்டாப்பைக் கடன் வாங்கணும்.