மூணாம் கிளாஸ் ட்ராயிங் பீரியட்: 38 பசங்களும் ஒரே படத்தை வரையுறாங்க, என்ன பண்றது?

வகுப்பறை_ஜன்னல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ட்ராயிங் டீச்சர் இல்லங்க, மூணாம் கிளாஸுக்கு கிளாஸ் டீச்சர். இந்த வருஷம் ஆர்ட் பீரியடையும் நீங்களே எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிஷம், 38 பசங்க, தண்ணிக் குழாய் வராண்டா கடைசில இருக்கு. க்ரேயான் எல்லார்கிட்டயும் இருக்கு, வாட்டர் கலர் ஸ்கூல்லயே கொஞ்சம் தருவாங்க.

பிரச்சனை என்னன்னா, உங்களுக்குப் பிடிச்சதை வரைங்கன்னு சொன்னா ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறு, ஓரத்துல ஒரு வீடு, அவ்வளவுதான், முக்காவாசி பேப்பர்ல இதே படம். சரி நானே போர்டுல வரைஞ்சு காட்டலாம்னு ஒரு பூனை வரைஞ்சா 38 பூனையும் என் பூனை மாதிரியே இருக்கு. நாலஞ்சு பசங்க "மிஸ் எனக்கு வரையவே வராது, நீங்க போட்டுக் குடுங்க"ன்னு பேப்பரை நீட்டிட்டு நிக்குறாங்க, அதுதான் எனக்கு ரொம்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கு, எட்டு வயசுலயே வராதுன்னு முடிவு பண்ணிட்டாங்களேன்னு. பெயிண்ட் குடுத்த அன்னைக்கு எல்லாம் சேத்துக் கலக்கி ஒரே அழுக்குக் காவி நிறம். கிளாஸ்ல நடத்திப் பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோடும்_நிறமும்:
டீச்சர், முதல்ல அந்த மலைப்படத்தைப் பத்தி பயப்படாதீங்க. ஏழுலேர்ந்து ஒம்பது வயசு வரைக்கும் குழந்தைங்க ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அச்சு வச்சுக்குவாங்க, மரம்னா இப்படி, மனுஷன்னா இப்படின்னு, கீழ ஒரு தரைக்கோடு போட்டு எல்லாத்தையும் அது மேல வரிசையா நிக்க வைப்பாங்க, வானம் பேப்பரோட மேல்விளிம்புல ஒரு பட்டையா இருக்கும். லோவன்ஃபெல்டுன்னு குழந்தைகளோட ஓவியத்தை ஆராய்ச்சி பண்ணவர் இதை ஒரு வளர்ச்சிப்படியாவே சொல்றார். அதனால தரைக்கோடு போடுறது தப்பில்ல, திருத்த வேண்டாம். வீட்டுக்கு வெளிச்சுவர் போட்டு உள்ள இருக்குற கட்டிலும் தெரியுற மாதிரி வரைவாங்க பாருங்க, அதையும் தொடாதீங்க, அது அவங்க யோசனை. ஆனா அந்த மலை சூரியன் படம் அவங்களோட அச்சு கிடையாது, பெரியவங்க யாரோ கத்துக்குடுத்தது கைமாறி கைமாறி வந்தது. அதைத் தடை பண்ணாம, அது தேவைப்படாத மாதிரி ஒரு கேள்வியைக் கேளுங்க.

"மழை வரையுங்க"ன்னு சொன்னா பழைய படம்தான் வரும். "திடீர்னு மழை புடிச்சுக்கிச்சு, கைல குடை இல்ல, நீ ஓடுற, பையை எங்க வச்சுக்கிட்ட, காலு எவ்ளோ அகலமா விரிஞ்சுது, கண்ணைத் திறக்க முடிஞ்சுதா"ன்னு கேட்டு, அஞ்சு நிமிஷம் எல்லாரையும் எழுந்து நின்ன இடத்துலயே ஓடுற மாதிரி நடிக்க வச்சுட்டு அப்புறம் பேப்பரைக் குடுங்க. கட்டிலுக்கு அடியில போன பந்தை எடுக்குறது, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுறது, இதெல்லாமும் நல்லா வேலை செய்யும், ஏன்னா உடம்பால செஞ்சு பாத்ததும் அந்த நேரா நிக்குற பொம்மை மனுஷன் பத்தாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். கை ரெண்டு மடங்கு நீளமா வரும், வரட்டும், எது முக்கியம்னு படுதோ அதைப் பெருசா போடுறது இந்த வயசோட வழக்கம்.

வராதுன்னு சொல்ற பசங்களுக்குன்னு தனியா ஒண்ணும் பண்ணாதீங்க, முழு கிளாஸுக்கும் பேப்பரைப் பாக்காம வரையுற ஆட்டம் வைங்க. இடது கையை டெஸ்க் மேல வச்சு (இடக்கைப் பழக்கம் இருந்தா வலது கையை), கண்ணு அந்தக் கையோட ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி மெதுவா நகரணும், பென்சில் அதே வேகத்துல நகரணும், பேப்பரைப் பாக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் போதும். எல்லார் படமும் கோணலாத்தான் வரும், நல்லா வரையுற பிள்ளைக்கும் கோணல்தான், அதனால யாரும் யாரையும் பாத்து ஒதுங்க வேண்டியதில்ல. ஆனா நகத்தடி மடிப்பு, விரல் முட்டி சுருக்கம் எல்லாம் அதுல வந்திருக்கும், அதை மட்டும் காட்டுங்க, "இந்தச் சுருக்கத்தை நீ பாத்துட்ட"ன்னு.

போர்டுல வரையறதைப் பொறுத்தவரை, படத்தைக் காட்டாதீங்க, பொருளைக் காட்டுங்க. க்ரேயானைப் படுக்க வச்சு தேச்சா எப்படி இருக்கும், நுனியால அழுத்தினா எப்படின்னு காட்டிட்டு உடனே அழிச்சிடுங்க.

பெயிண்ட்_டப்பா:
காவி நிறத்துக்கு நான் பதில் சொல்றேன். பன்னெண்டு கலர் பெட்டியை அப்படியே குடுத்தா காவி வராம வேற என்ன வரும்? மஞ்சள், சிவப்பு, நீலம் மூணும் ஒண்ணா சேந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுப்போட்டு மங்கிடும். அதனால ஒரு நாளைக்கு ரெண்டே கலர். முதல் நாள் மஞ்சளும் நீலமும் மட்டும், எத்தனை பச்சை உண்டாக்க முடியும்னு போட்டி வைங்க. மஞ்சளை முதல்ல நெறைய எடுத்து நீலத்தைத் துளி துளியா சேக்கச் சொல்லுங்க, தலைகீழா பண்ணா நீலம் மஞ்சளை முழுங்கிடும், பெயிண்ட் டப்பா காலி. ஊதா வரலைன்னு அழுவாங்க, காரணம் அந்தச் சிவப்பு, ஆரஞ்சு பக்கம் சாஞ்ச சிவப்புல ஏற்கனவே மஞ்சள் குணம் இருக்கு, நீலத்தோட சேந்தா அழுக்காத்தான் போகும், ரோஸ் மாதிரி இருக்குற மஜெந்தா வாங்குனா பளிச்சுன்னு ஊதா வரும். கறுப்பைக் கொஞ்ச நாளைக்கு அலமாரியிலயே பூட்டி வைங்க.

பேப்பர் ரொம்ப முக்கியம். ஜெராக்ஸ் பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம்தான் (பேப்பரோட கனத்தைச் சொல்ற அளவு), தண்ணி பட்டா சுருண்டு கிழியும், பிள்ளைங்க தனக்குத்தான் வரலைன்னு நெனச்சுக்குவாங்க. 200க்குப் பக்கத்துல இருக்குற பேப்பர் வாங்க முடிஞ்சா பாதியா கிழிச்சாவது குடுங்க, சின்ன பேப்பர்ல 40 நிமிஷத்துல முடிக்கவும் முடியும்.

குழாய் தூரமா இருக்குறதால மக்குல தண்ணி வச்சு கொட்டிக்கிட்டு இருக்காதீங்க. நாலு பேருக்கு ஒரு டப்பா தண்ணி, பக்கத்துல ஈர ஸ்பாஞ்ச் ஒண்ணு, ப்ரஷ்ஷை அதுல ஒத்தி எடுத்தா போதும். பாதி கிளாஸ் பெயிண்ட், பாதி கிளாஸ் க்ரேயான், அடுத்த வாரம் மாத்திக்கலாம். பேரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேப்பர் பின்னாடி பென்சில்ல எழுத வைங்க. கடைசி எட்டு நிமிஷம் சுத்தம் பண்றதுக்குத்தான், அதை விட்டுக்குடுக்காதீங்க. ஈரப் படத்தை கயித்துல தொங்க விட்டா கலர் வழியும், தரையில நியூஸ்பேப்பர் விரிச்சு படுக்க வச்சிடுங்க.

முதல் பெயிண்ட் பாடமா மெழுகு மறைப்பு பண்ணுங்களேன். வெள்ளை க்ரேயான் இல்லன்னா ஆயில் பேஸ்டல்ல நல்லா அழுத்திக் கோடு போட்டு, மேல நீலத்தைத் தண்ணியா பூசினா, மெழுகுல தண்ணி ஒட்டாது, வரைஞ்சது வெளிய வரும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளைக் கோட்டுல வரையுறப்ப பக்கத்துல இருக்குறவனைப் பாத்து எழுதவே முடியாது, உங்க காப்பி பிரச்சனையும் அன்னைக்கு இருக்காது.

கத்தரி_பேப்பர்:
மத்தீஸ்ங்கிற ஃப்ரெஞ்சு ஓவியரைப் பத்தி சொல்லாம போக மனசு வரல. 1941ல பெரிய ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் அவரால பழையபடி நின்னு வரைய முடியல, உதவியாளர்கள் பேப்பர்ல கலர் பூசித் தருவாங்க, அவர் உக்காந்தபடியே கத்தரியால நேரா உருவத்தை வெட்டுவார், பென்சில் கோடு இல்லாம. 1954ல இறக்குற வரைக்கும் இப்படி சுவரளவு படங்கள் கூட பண்ணினார். இதை உங்க பசங்களுக்கு ரெண்டு வார வேலையா குடுக்கலாம், முதல் வாரம் பேப்பர் முழுக்க ஒரே கலர் பூசுறது, அந்த காவி நிற பேப்பரையும் தூக்கிப் போடாதீங்க, அதுவும் அழகா உக்காரும். ரெண்டாவது வாரம் வெட்டுறது. வெட்டி எடுத்த உருவத்தோட மிச்ச ஓட்டைப் பேப்பரும் ஒரு உருவம்தான், ரெண்டையும் வச்சு நகத்தி நகத்திப் பாத்துட்டு கடைசியாத்தான் பசை. கத்தரியைத் திருப்பாம பேப்பரைத் திருப்பணும்னு மட்டும் சொல்லிக்குடுங்க. இடக்கைப் பிள்ளைங்களுக்கு இடக்கைக் கத்தரி வேணும், சாதாரண கத்தரில வெட்டுற இடம் அவங்களுக்குத் தெரியாது, பேப்பர் மடிஞ்சுக்கிட்டே போகும், அந்தப் பிள்ளையும் நமக்கு வராதுன்னு சொல்ல ஆரம்பிச்சிடும்.

வெள்ளைத்தாள்:
நான் கொஞ்சம் மாறுபடுறேன். போர்டுல படிப்படியா வரைஞ்சு காட்டுறதை மொத்தமா ஒதுக்க வேண்டாம். சில குழந்தைகளுக்கு வெறும் பேப்பரைப் பாத்தாலே பயம், ஒரு பறவை வட்டத்துலயும் முக்கோணத்துலயும் உருவாகுதுன்னு கையால செஞ்சு பாத்தாத்தான் நம்பிக்கை வரும். எப்பவாவது பண்ணலாம், ஆனா பாதியில நிறுத்திடுங்க, இந்தப் பறவை இப்ப எங்க இருக்கு, யாருக்குப் பயந்து ஒளியுதுன்னு மிச்சத்தை அவங்க முடிக்கட்டும்.

கோடும்_நிறமும்:
பாதியில நிறுத்துறதா இருந்தா சரி சார், ஆனா இந்த கிளாஸ் ஏற்கனவே டீச்சர் கையையே பாத்துட்டு இருக்கு, அதனால முதல் ரெண்டு மாசம் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

வகுப்பறை_ஜன்னல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, திங்கக்கிழமை மெழுகு மறைப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். "மிஸ் நல்லா இருக்கா"ன்னு ஒவ்வொருத்தரும் கேக்குறப்ப சூப்பர் சூப்பர்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது பொய்யா படுது, வேற என்ன சொல்றது? வருஷக் கடைசில கண்காட்சிக்கு எதைத் தேர்ந்தெடுக்கறது?

கோடும்_நிறமும்:
கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க. "இந்த மூலைல மட்டும் கோடு அடர்த்தியா இருக்கே, அங்க என்ன நடக்குது?"ன்னு கேட்டா அவன் பத்து நிமிஷம் பேசுவான், பேசிட்டு திரும்பப் போய் இன்னும் வரைவான். சூப்பர்னு சொன்னா அதோட பேப்பரைக் குடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் தயவுசெஞ்சு அவங்க பேப்பர்ல நம்ம பென்சில் படவே கூடாது, காட்டணும்னா தனித் தாள்ல காட்டுங்க. அழிரப்பரை அந்த 40 நிமிஷத்துக்கு வாங்கி வச்சுக்கோங்க, தப்பான கோடுன்னு தோணுனா பக்கத்துல இன்னொரு கோடு போடட்டும்.

கண்காட்சிக்கு 38 பேர் படமும் வரணும், நல்லா இருக்குற பத்தை மட்டும் ஒட்டினா மிச்ச 28 பேருக்கு நாம சொல்றது என்னன்னு யோசிங்க. எதை ஒட்டணும்னு அவங்கவங்களே எடுத்துக் குடுக்கட்டும், கீழ ஒரே ஒரு வரி அவங்க கையெழுத்துல, எழுத்துப்பிழையோட இருந்தாலும் பரவால்ல. ஒட்டுறப்ப அவங்க கண்ணு மட்டத்துக்கு ஒட்டுங்க.

பெயிண்ட்_டப்பா:
திங்கக்கிழமைக்கு ஒரு சின்ன விஷயம், க்ரேயானையும் அந்த பெயிண்டையும் வீட்டுலயே ஒரு துண்டுப் பேப்பர்ல சோதிச்சுட்டுப் போங்க, போஸ்டர் கலரா இருந்தா நிறைய தண்ணி விட்டாத்தான் மெழுகு தெரியும், கெட்டியா பூசினா மூடிடும்.