டோக்கியோவில் இசைத்தட்டுக் கூடங்கள்: சென்று வந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நவம்பரில் அப்பாவுடன் ஐந்து நாட்கள் டோக்கியோவில் இருப்பேன். ஊர் சுற்றுவது இரண்டாம் பட்சம். ஒரு மாலையாவது இசைத்தட்டு மட்டுமே ஒலிக்கும் சிறு கூடம் ஒன்றில் அவரை உட்கார வைக்க வேண்டும்.

ஜாஸ் இசைக்கான இத்தகைய கூடங்களை ஜாஸ் கிஸ்ஸா என்று அங்கே அழைக்கிறார்கள். வெளிநாட்டு இசைத்தட்டுகள் சாமானியருக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், ஒரு காப்பியின் விலைக்கு நல்ல ஒலிபெருக்கியில் வெகுநேரம் கேட்கலாம் என்பதால் இவை பெருகின. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 1926இல் தொடங்கிய லயன் என்ற கூடத்தில் மேற்கத்திய செவ்வியல் இசை. இருக்கைகள் எல்லாம் ஒலிபெருக்கியை நோக்கியே இருக்கும். பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சன்னிதியில் நிற்பது போன்ற அந்த அமைதிதான் என்னை இழுக்கிறது. அதற்கு ஒரு பிற்பகலை ஒதுக்கிவிட்டேன்.

மாலைக்குத்தான் உங்கள் உதவி வேண்டும். இசைத்தட்டு ஒலிக்கும், எட்டுப் பத்துப் பேர் மட்டுமே அமரும் மதுக்கூடங்களுக்கு முன்பதிவு தேவையா? அப்பா மது அருந்த மாட்டார். காப்பியோ தேநீரோ கேட்டால் தவறாக நினைப்பார்களா? அவருக்கு முழங்கால் வலி. இத்தகைய கூடங்கள் பல நிலத்தடியிலோ மாடியிலோ இருக்கின்றன, படிக்கட்டும் குறுகலானது. தரைத்தளத்தில் ஏதாவது தெரிந்தால் அவசியம் எழுதுங்கள்.

இன்னொன்று. நாற்பது ஆண்டுகளாகப் பொத்திவைத்த, ஜாஸ் கலைஞர் கோல்ட்ரேனின் இசைத்தட்டு ஒன்றை அப்பா கையோடு எடுத்து வருகிறார். அதை ஒருமுறை போடச் சொல்லிக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவாகுமா?