'மா' என்னும் ஓரெழுத்துச் சொல்: உலகமெங்கும் ஒரே வேரா?

வேர்தேடி:
பின்லாந்தின் மொழியில் 'மா' என்றால் நிலம். தஞ்சைப் பக்கத்தில் இன்றும் நிலத்தை 'இரண்டு மா, மூன்று மா' என்றே கணக்குச் சொல்கிறார்கள். சீனத்தில் 'மா' குதிரையாகிறது. நம் பழம்பாடல்களிலும் அது குதிரையைக் குறிக்கும். இந்தியில் 'மா' தாய். நாம் 'அம்மா' என்கிறோம். ஒன்று பொருந்தினால் தற்செயல் எனலாம். மூன்று பொருந்தும்போது, நன்னூலார் சொன்ன 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்றான இச்சொல்லே உலகின் பழைய வேர் என்று கொள்வதில் என்ன பிழை?

ஒலியன்:
பொருந்திய மூன்றையும் எடுத்து வைத்தீர்கள். பொருந்தாதவற்றை எங்கே வைத்தீர்கள்? இத்தாலியத்தில் இது 'ஆனால்'. அரபியில் 'என்ன' என்னும் வினாவாகவும் எதிர்மறையாகவும் வரும். சமஸ்கிருதத்தில் 'செய்யாதே' எனத் தடுக்கும் சொல். வியட்நாமியத்தில் சமத்தொனியில் சொன்னால் பேய். தாய்லாந்து மொழியில் தொனி மாற மாற 'வா' என்றும், குதிரை என்றும், நாய் என்றும் பொருள் மாறும். சீனத்திலேயே அது ஒரு சொல் அன்று: சமத்தொனியில் அன்னை, ஏறுதொனியில் சணல், இறங்கி ஏறும் தொனியில் குதிரை, இறங்குதொனியில் திட்டுதல். பின்லாந்தின் மொழியான பின்னியத்துக்கு நெருங்கிய உறவான எஸ்தோனிய மொழியில் நெடிலாக ஒலித்தால் நிலம், குறிலாக ஒலித்தால் 'நான்'. மகரமும் ஆகாரமும் பெரும்பாலும் எல்லா மொழிகளிலும் உள்ள ஒலிகள். உலகில் ஏறத்தாழ 7000 மொழிகள் இருக்கையில், இவ்வளவு சிறிய அசை எங்காவது நம் பொருளோடு ஒத்துப்போகாமல் இருந்தால்தான் வியக்க வேண்டும்.

டெல்டாவாசி:
நிலத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். எங்கள் பக்கத்தில் 20 மா சேர்ந்தது ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆனால் 'மா' என்பதற்கு நிலம் என்று பொருள் இல்லை. கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பழைய பின்னக் கணக்கில், மா என்பது 1/20. வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதனால் அந்தத் துண்டுக்கு அப்பெயர் வந்தது. அரைக்கால், மாகாணி, காணி என்று வாய்பாடு ஒப்பித்த தாத்தாக்களிடம் கேட்டிருந்தால் பின்லாந்து வரை போயிருக்க வேண்டியதில்லை.

வேர்தேடி:
நிலத்தை விட்டுவிடுகிறேன். ஆயினும் ஒலியன் அடுக்கிய வேறுபாடுகள் எதையும் மறுத்துவிடவில்லை, ஏனெனில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பொருள் திரியும். தமிழுக்குள்ளேயே மாம்பழமும், அரிசி மாவும், விலங்கும், பெருமையும் ஒரே எழுத்தில் அடங்கவில்லையா? குதிரைக்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒலியன்:
பொருள் எப்படியும் திரியலாம் என்று ஒப்புக்கொண்டால் எதையும் எதனோடும் இணைத்துவிடலாம்; பிறகு சான்று என்ற பேச்சுக்கே இடமில்லை. குதிரையையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 'மா' முதலில் விலங்குக்குப் பொதுப்பெயர்; 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்னும் தொல்காப்பிய மரபியல் நூற்பாவில் அது குதிரையை மட்டும் சுட்டவில்லை. சீனத்திலோ, பழைய வடிவத்தில் மகரத்தை அடுத்து ரகரம் ஒலித்ததென மொழியியலார் மீட்டமைத்துள்ளனர். உறவு மொழியான பர்மியத்தின் எழுத்து வடிவம் அந்த ரகரத்தை இன்றும் 'ம்ரங்' என்று காட்டுகிறது. உண்மையான உறவென்றால் பின்னோக்கிப் போகப்போக வடிவங்கள் நெருங்க வேண்டும். இங்கே விலகுகின்றன.

உறவு எப்படித் தெரியும் என்பதற்கு நம் அண்டை வீடே போதும். பால், ஹாலு, பல், ஹல்லு, பத்து, ஹத்து, புலி, ஹுலி: தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது ஒரு சொல்லில் மட்டும் நிகழ்ந்ததன்று, வரிசையாக நிகழ்ந்தது. பின்னியத்தின் 'கலா' ஹங்கேரியத்தில் 'ஹல்' ஆவதும் (இரண்டுக்கும் மீன் என்றே பொருள்) அப்படிப்பட்டதே. ஒலி ஒன்றாயிருப்பதைவிட, ஒழுங்காக வேறுபடுவதே வலுவான சான்று.

யாழ்வாசகி:
எங்களுக்கு இன்றும் அது 'மா'தான்; கடையில் கோதுமை மா என்றே கேட்போம், 'மாவு' என்று சொல்வதில்லை. வேர்தேடி ஐயா தமிழின் பயணத்தைக் காட்ட விரும்பினால் மாங்காயைப் பிடிக்கலாம். தமிழ், மலையாளக் கரையிலிருந்து மலாய்க்காரர் வாயில் 'மங்கா' ஆகி, போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பா சேர்ந்த சொல் அது. பழம் போன வழியிலேயே பெயரும் போயிருக்கிறது.

வேர்தேடி:
மாங்காயை ஏற்கிறேன். ஆனால் அன்னையை விடமாட்டேன். சீனம், இந்தி, ஆங்கிலம், தமிழ் எல்லாவற்றிலும் தாய்க்கு மகரம் இருப்பது கடன் வாங்கியதும் இல்லை, தற்செயலும் இல்லை.

ஒலியன்:
தற்செயல் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பொதுவேர் என்பதைத்தான் மறுக்கிறேன். மொழியியலறிஞர் ரோமன் யாகோப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கினார்: பால் குடிக்கும் குழந்தையின் வாய் மூடியிருப்பதால் மூக்கின் வழியே வரும் முனகல் மகரமாக ஒலிக்கிறது, பின்னர் பசித்தாலும் அதையே எழுப்புகிறது, பெற்றோர் அதைத் தாயின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். வேர் மழலையின் வாயில் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக முளைக்கிறது. பெரியவர்கள் பொருளை வேறு பக்கம் திருப்பியதும் உண்டு: ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தெதா' என்றால் தாய்.

வேர்தேடி:
தந்தையை 'மாமா' என்பவர்களிடம் நம் தாய்மாமனை எப்படி அறிமுகம் செய்வதோ! சரி, 'பெரிய' என்னும் பொருளுடைய 'மா' தமிழுக்கே உரியதா, வடமொழி 'மகா'வின் தேய்வா என்பதற்கு நாளை தனி இழை தொடங்குகிறேன். அங்கே இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.