ஹீரோவை விட்டுவிட்டு, கூட நிற்பவன் பக்கத்திலிருந்து சொல்லும் அனிமே, மாங்கா இருக்கிறதா?

தூங்காநகரத்தான்

வணக்கம் மக்களே. அனிமேக்கு நான் புதுசு. சோலோ லெவலிங் தமிழ் டப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். முதல் சீசனை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் போகப்போக என் கண் ஹீரோ சுங் ஜின்-ஊவை விட்டு நகர ஆரம்பித்துவிட்டது. அவன் எப்படியும் ஜெயிப்பான். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் யூ ஜின்ஹோ இருக்கிறானே, கில்ட் மாஸ்டர் (வேட்டைக்காரர் குழுத் தலைவர்) லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று அலையும் பணக்கார வீட்டுப் பையன், அவன் அரக்கர்கள் திரியும் அந்த டஞ்சனுக்குள் நின்று என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது. கதை அவனிடம் நிற்பதே இல்லை, ஜின்-ஊ அடுத்த லெவலுக்குப் போய்விடுகிறான்.

இப்படி ஹீரோவுக்குப் பக்கத்தில் நிற்பவன், இல்லையென்றால் எதிரில் நிற்பவன், அவன் கண்ணால் முழுக் கதையும் சொல்லும் தொடர் ஏதாவது உண்டா? நடுவில் ஒரு எபிசோட் ஃபிளாஷ்பேக் கணக்கில் வராது. காமெடியானாலும் சரி, அழவைத்தாலும் சரி. அசலைப் பார்க்காமலே புரிந்தால் ரொம்ப நல்லது. முன்னூறு எபிசோட் பார்த்துவிட்டு வா என்று துரத்தாதீர்கள்.

வடபோச்சே

சிரிப்பு வேண்டுமானால் டோனெகாவாவில் ஆரம்பி தம்பி.

கைஜி என்று நொபுயுகி ஃபுகுமோட்டோ வரைந்த சூதாட்ட மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, ஒன்று. கடனில் மூழ்கியவர்களைக் கூட்டிவந்து உயிரைப் பணயம் வைத்து ஆட வைக்கும் கம்பெனிதான் அதில் வில்லன். அந்தக் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவன் டோனெகாவா. கைஜியில் அவன் மைக்கைப் பிடித்தால் நமக்கு வயிறு கலங்கும். 2015-ல் ஆரம்பித்த கிளைக்கதை மாங்காவில் அதே ஆள் மீட்டிங் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சேர்மனுக்கு போரடிக்கிறதாம், புதுசாக ஒரு மரண விளையாட்டு ரெடி பண்ணு என்கிறார். இவன் ஒரு டீமைக் கூட்டுகிறான். எல்லாரும் கருப்பு கோட், கருப்புக் கண்ணாடி. யார் யார் என்று அவனுக்கே தெரியவில்லை, பெயரை மனப்பாடம் பண்ணப் படாதபாடு படுகிறான். மேலே சேர்மன் மூடு, கீழே டீமின் மனசு, நடுவில் இவன். ஆபீஸ் போகிறவர்கள் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 2018-ல் அனிமேயாகவும் வந்தது.

அப்புறம் கோனான் கிளைக்கதை ஒன்று, குற்றவாளி ஹன்ஸாவா. துப்பறியும் கோனானில் கொலைகாரன் யார் என்று தெரியும்வரை ஆளை முழுக் கருப்பாக வரைவார்கள் இல்லையா, அந்தக் கருப்பு உருவம்தான் இதில் ஹீரோ. ஒருத்தனைத் தீர்த்துக்கட்ட பெய்கா ஊருக்கு வருகிறான். வந்தவன் முதலில் வீடு பார்க்க வேண்டும், வேலை தேட வேண்டும். ஊரில் தினமும் ஒரு கொலை விழுவதைப் பார்த்து இவனே நடுங்கிப் போகிறான். குட்டிக் குட்டி எபிசோட், சாப்பிடும்போது பார்க்கலாம்.

பாயின்ட்கார்டு பவி

மேலே சொன்ன இரண்டும் எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’. 2022 டிசம்பரில் ஜப்பானில் வந்த படம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சுருக்கமாகப் பேச வராது.

டகேஹிகோ இனொவே 1990 முதல் 1996 வரை ஷோனென் ஜம்ப் பத்திரிகையில் வரைந்த கூடைப்பந்து மாங்கா ஸ்லாம் டங்க். ஹீரோ சகுராகி ஹனமிச்சி. சிவப்பு முடி, ஊரெல்லாம் சண்டை, பந்தைத் தட்டக்கூடத் தெரியாது, ஒரு பெண்ணுக்காக ஷோஹோகு பள்ளி அணியில் சேருகிறான். டிவி அனிமே 101 எபிசோட் ஓடி 1996-ல் நின்றுவிட்டது, கதையின் உச்சமான, சன்னோ பள்ளி அணிக்கு எதிரான மேட்ச் வராமலே. ரசிகர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த மேட்ச் அது. கடைசியில் இனொவேயே எழுதி இயக்கினார். இயக்கியவர் அந்த மேட்சைத் தூக்கி மியாகி ர்யோட்டா கையில் கொடுத்துவிட்டார்.

ர்யோட்டா அணியின் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். ஏழாம் நம்பர் ஜெர்ஸி, 168 செ.மீ. உயரம். ஆரம்ப ஐந்து பேரில் மற்றவர்களுக்கு மாங்காவில் ஆளுக்கொரு பெரிய கதை உண்டு. அகாகிக்கு தேசிய சாம்பியன் கனவு, மிட்சுயிக்கு முழங்கால் காயமும் அதற்குப் பிறகான ரவுடி வாழ்க்கையும், ருகாவாவுக்கு அமெரிக்கா. ர்யோட்டாவுக்கு? மேனேஜர் அயாகோ மேல் ஒருதலைக் காதல், அதோடு சரி. 31 தொகுதி படித்து முடித்தபோதும் அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

படம் அங்கிருந்துதான் பிடிக்கிறது. ஒகினாவாவில் பிறந்தவன். அப்பா இறந்துவிட்டார். அண்ணன் சோட்டாதான் வீட்டுக்குக் கேப்டன், இவனுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவனும் அவனே. ஒருநாள் இவனோடு ஆடாமல் நண்பர்களோடு மீன்பிடிக்கப் படகேறுகிறான். சின்னப் பையன் கோபத்தில், இனிமேல் திரும்பியே வராதே என்று கரையில் நின்று கத்துகிறான். படகு திரும்பவில்லை. அந்த ஒரு வாய்ச்சொல்லைச் சுமந்துகொண்டுதான் பல வருஷம் கழித்து சன்னோவுக்கு எதிராக இறங்குகிறான். அது கூட ஆடும் யாருக்கும் தெரியாது. ஹனமிச்சிக்கு சுத்தமாகத் தெரியாது.

நான் தேடுவதும் இதைத்தான். ஹீரோ பக்கத்தில் ஒருவனை நிறுத்தி ‘ஆஹா, என்ன அடி!’ என்று சொல்ல வைத்தால் அது கமென்ட்ரி. ஹீரோவுக்குத் தெரியாத ஒரு கணக்கு இவனிடம் இருக்க வேண்டும், அதை இதே களத்தில் இவன் தீர்த்தாக வேண்டும். லீவாயின் இளமைக்காலத்தைச் சொல்லும் அட்டாக் ஆன் டைட்டன் கிளைக்கதை மாதிரியானவை நன்றாகவே இருக்கும், ஆனால் அவை முன்கதைகள். நமக்குத் தெரிந்த நிகழ்ச்சி அங்கே நடப்பதில்லை.

இப்போது என் சொந்தப் புராணம் கொஞ்சம். நான் கல்லூரி அணியில் பாயின்ட் கார்டு, ஐந்தடிக்குச் சற்று மேல். எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? உங்கள் கூடைக்குக் கீழிருந்து பந்து உங்கள் கைக்கு வருகிறது. திரும்புவதற்குள் இரண்டு பேர் வந்து சைடு லைனோடு ஒட்டி மூடிவிடுவார்கள். அந்தக் கோடும் மூன்றாவது ஆள் போலத்தான், தாண்டினால் பந்து போச்சு. அந்தக் காலத்தில் பத்து நொடிக்குள் பாதி மைதானத்தைக் கடக்க வேண்டும், இப்போது எட்டு. உங்கள் ஆள் நான்கு பேர் எங்கோ நிற்கிறார்கள் என்று தெரியும், ஆனால் கண்ணுக்கு எட்டுவது இரண்டு ஜெர்ஸியும் நான்கு கையும்தான். கேலரியில் இருப்பவர்கள் ‘பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு’ என்று கத்துவார்கள். யாருக்கு?

இரண்டாம் பாதியில் சன்னோ இதைத்தான் செய்கிறது, வித்தியாசம் இருபது புள்ளியைத் தாண்டிவிடுகிறது. மாங்காவில் அதை ஓர் அணி மூழ்கும் காட்சியாகப் படித்திருந்தேன். படத்தில் அந்த நெரிசலுக்குள் குள்ளமான ஒருவனோடு நானும் மாட்டிக்கொண்டேன். நெஞ்சு எவ்வளவு படபடத்தாலும் ஒன்றுமே இல்லாத மாதிரி நடி என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அப்போதுதான் புரிகிறது, மாங்காவில் ‘ஸ்டைல் காட்டுகிறான்’ என்று நாம் நினைத்திருந்த முகம் எங்கிருந்து வந்தது என்று. உள்ளங்கையில் அயாகோ எழுதிக்கொடுத்த ‘நம்பர் 1 கார்டு’ என்ற எழுத்தைப் பார்த்துக்கொள்கிறான். பிறகு உடம்பைத் தாழ்த்தி, அந்த இரண்டு பேருக்கும் நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு வெளியே வருகிறான். தியேட்டரில் நான் என்னை மறந்து கைதட்டினேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இன்னொரு காட்சி. மேட்சுக்கு முந்தின ராத்திரி அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உயிரோடு இருப்பது நானாகப் போனதற்கு மன்னித்துவிடு என்று முதலில் எழுதுகிறான். எழுதியதைக் கசக்கிப் போடுகிறான். மறுபடி எழுதும் கடிதத்தில் கூடைப்பந்து ஆடவிட்டதற்கு நன்றி சொல்கிறான். அம்மா இவனிடம் சொல்லாமலே ஹிரோஷிமா வந்து கேலரியில் உட்கார்ந்திருக்கிறாள். ஹனமிச்சியை ஹீரோவாக வைத்த கதையில் இந்தக் கடிதத்தை எங்கே செருகியிருக்க முடியும்?

கடைசி பெஞ்ச்

பவி சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மாங்காவை நான்கு தடவை படித்தவனுக்கு அந்தப் படம் பாதிச் சாப்பாடு. மேட்ச் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து ஒகினாவாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஹனமிச்சி எதற்காகக் கூடைப்பந்துக்கு வந்தான், ருகாவாவோடு அவனுக்கு என்ன பகை, எதையும் நின்று சொல்வதில்லை. கடைசியில் ருகாவா அவனுக்குப் பந்தைக் கொடுப்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புதிதாகப் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பாயின்ட்கார்டு பவி

நியாயமான புகார்தான். வேகம் உடைகிற இடங்கள் உண்டு, குறிப்பாக இரண்டாம் பாதியில் ஒரு ஃபிளாஷ்பேக்கைக் குறைத்திருக்கலாம். ஆனால் ஹனமிச்சி விஷயத்தில் வேறு மாதிரி பாருங்கள். ர்யோட்டாவின் இடத்திலிருந்து பார்த்தால் அவன் யார்? ஆரம்பித்து நான்கு மாசம்கூட ஆகாத ஜூனியர், வாய் ஓயாது, திடீரென்று மேசைமேல் ஏறி நின்று சன்னோவை நான் வீழ்த்துவேன் என்று கத்துகிறான். அவனை நம்பிப் பந்தைத் தூக்கிப்போட வேண்டியது ர்யோட்டாவின் வேலை. மேட்சின் முதல் கூடையே அப்படி விழுந்ததுதானே. மாங்காவில் ஹனமிச்சியின் தலைக்குள் நாம் குடியிருந்ததால் அவன் எவ்வளவு விசித்திரமான பிராணி என்பதே எனக்கு உறைக்கவில்லை. படத்தில் வெளியிலிருந்து பார்த்தபோது இன்னும் கூடுதலாகப் பிடித்துப்போனது.

79-78 என்று முடியும் என்பது தியேட்டரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும், சத்தமே இல்லாமல் ஓடும் அந்தக் கடைசி நொடிகளில் யாரும் பாப்கார்னைத் தொடவில்லை.

இரவுமின்சாரம்

அசலும் கிளைக்கதையும் ஒரே சம்பவத்தை இரண்டு பக்கமிருந்து சொல்வதைப் பார்க்க ஆசையா? இன்டெக்ஸ் அசல் தொடர், ரயில்கன் அதன் கிளைக்கதை. இன்டெக்ஸில் ஹீரோ டோமா. மிசாகா மிகோட்டோ அதில் வந்து போகும் பெண். அவளைக் குளோன் செய்து உருவாக்கிய 20,000 பேரை ஒவ்வொருத்தியாகக் கொல்லும் பரிசோதனை நடக்கிறது. டோமா ராத்திரியில் ஒரு பாலத்தில் உடைந்துபோய் நிற்கும் மிசாகாவைப் பார்க்கிறான், தடுக்கிறான். இன்டெக்ஸில் இதற்குச் சில எபிசோட்தான்.

2013-ல் வந்த ரயில்கன் எஸ் இதையே மிசாகா பக்கமிருந்து சொல்கிறது. அந்தப் பாலத்துக்கு வருவதற்குள் அவள் தனியாக எத்தனை லேப்களை அடித்து நொறுக்கியிருக்கிறாள், யாரோடெல்லாம் மோதியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரியும். ஒரு குளோனுக்கு அவள் தவளை பொம்மை பேட்ஜ் ஒன்றைக் குத்திவிடுவாள். அந்தக் குளோன் சாகும்போது ஊர்ந்து போய் அந்த பேட்ஜைத்தான் எடுக்கும். அதற்கப்புறம் பாலத்தில் டோமா வரும்போது, இவன் யார் நடுவில் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பவி சொன்ன ‘ஹீரோவுக்குத் தெரியாத கணக்கு’ இதற்கும் பொருந்தும்.

வடபோச்சே

ஹருஹி சுசுமியாவை யாரும் சொல்லவில்லையே? உலகத்தையே மாற்றும் சக்தி ஹருஹியிடம், கதை சொல்வது அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து புலம்பும் கியோன். அவன் நிஜப் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. பவி இதையும் கமென்ட்ரி என்று தள்ளிவிடுவாரோ?

பாயின்ட்கார்டு பவி

2006-ல் வந்த முதல் சீசனில் பாதி கமென்ட்ரிதான், அண்ணா. ஆனால் சுவாரஸ்யமான கமென்ட்ரி. 2010-ல் வந்த படத்தில் ஹருஹி சாதாரணப் பெண்ணாகி, உலகமும் அமைதியாகிவிடுகிறது. இத்தனை நாள் புலம்பியவன் எந்த உலகம் வேண்டும் என்று அவனே முடிவு செய்ய வேண்டி வருகிறது. அங்கே கதை அவனுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

தூங்காநகரத்தான்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பவி அக்கா, மாங்கா படிக்காமல் நேராகப் படத்துக்குப் போகலாமா? எனக்குக் கூடைப்பந்து விதிகூடத் தெரியாது.

பாயின்ட்கார்டு பவி

தாராளமாகப் போங்கள் தம்பி. விதி எதுவும் தெரிய வேண்டாம், பந்தை அந்தப் பக்கம் கொண்டுபோக விடமாட்டேன் என்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தால் போதும். படத்தைப் பார்த்துவிட்டு மாங்காவை முதல் தொகுதியிலிருந்து எடுங்கள். ர்யோட்டா உள்ளே வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறவனாக வருவான். மிட்சுயி கும்பலோடு அவனுக்கு என்ன தகராறு என்று அங்கே படியுங்கள். மிட்சுயியை அவன் அதற்கு முன்பே ஒருமுறை சந்தித்திருக்கிறான் என்பது படம் பார்த்த உங்களுக்குத் தெரிந்திருக்கும், கடைசி பெஞ்ச் நான்கு தடவை படித்தபோதும் அது அவருக்குத் தெரியாது.

கடைசி பெஞ்ச்

சரி சரி, நாளைக்கு மறுபடி ஒருதடவை படம் போட்டுப் பார்க்கிறேன். ஒகினாவா வந்தால் டீ குடிக்கப் போவேன்.