1775 மாசசூசெட்ஸ் ஊர்ப்படை வேஷத்துக்கு எந்தத் துப்பாக்கி?

மழைக்காகம்: ஏப்ரல்ல லெக்சிங்டன் போர் (அமெரிக்க விடுதலைப் போரோட முதல் சண்டை) மறுநிகழ்வுல, பிரிட்டிஷாரை எதிர்த்த ஊர்ப்படை ஆளா நிக்கப் போறேன். காலம் 1775. பிரவுன் பெஸ் துப்பாக்கி வாங்கலாம்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன். சரிதானே?

தீக்கல்: அவசரப்படாதீங்க. பெஸ் பிரிட்டிஷ் ராஜாவோட படைக்குக் கொடுத்த துப்பாக்கி. ஊர்ப்படைக்காரர் விவசாயி, தச்சர். வாத்து சுட வீட்டுல வெச்சிருந்த ஃபவ்லரை, அதாவது பறவை வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடி வந்தவர். அதோட, இப்ப கடையில கிடைக்கிற பெஸ் பிரதியோட லாக் தகட்டை (சுடற விசை பொருத்தின பக்கத் தகடு) பாருங்க. 'கிரைஸ் 1762'ன்னு வெட்டியிருக்கும், குழல் 42 அங்குலம். பிரிட்டிஷ் காலாட்படைக்கு 42 அங்குலக் குழலே 1768-க்கு அப்புறம்தான். 1762-ல அவங்க கையில இருந்தது 46 அங்குலம்.

கோட்டைவாசல்: தகட்டு விஷயம் ஒத்துக்கறேன். ஆனா பெஸ்ஸே கூடாதுன்னா எப்படி? ஏழாண்டுப் போர்ல பிரிட்டிஷாரோட சேர்ந்து சண்டை போட்டதே இந்த ஊர்க்காரங்கதான். பழைய 46 அங்குல பெஸ் பல வீட்டுல இருந்துச்சு. 1745-ல கனடாவுல இருந்த பிரெஞ்சுக்காரங்களோட லூயிபூர்க் கோட்டையைப் பிடிச்சப்ப பிரெஞ்சுத் துப்பாக்கியும் வந்துச்சு. ஃபவ்லர்ல பயனெட் (துப்பாக்கி முனையில மாட்டற குத்துக்கத்தி) மாட்ட முடியாதுங்கறதை மறந்துடாதீங்க. லெக்சிங்டன் சண்டை நடந்த அதே நாள்ல, கான்கார்ட் ஊர் வடக்குப் பாலத்துல ஆக்டன் ஊர்ப் படையை ஏன் முன்னால விட்டாங்க? கேப்டன் ஐசக் டேவிஸ் துப்பாக்கி செய்யறவர், அவர் ஆட்கள்கிட்ட பயனெட் இருந்துச்சு. அந்த மனுஷன் அங்கேயே உயிரை விட்டார்.

தீக்கல்: அதையேதான் நானும் சொல்றேன். மத்த ஊர் ஆட்கள் எல்லார்கிட்டயும் பயனெட் இருந்திருந்தா ஆக்டனைத் தேடி முன்னால நிறுத்தியிருக்க வேண்டியதில்லையே. இன்னொண்ணு, ஃபவ்லர் குழலுக்கு அடியில இருக்கற மரக்கட்டையோட முனையைக் கொஞ்சம் செதுக்கிட்டுப் பயனெட் மாட்டினவங்களும் உண்டு. அப்படிச் செதுக்கின ஒண்ணைக் கையில வெச்சுப் பார்த்தேன். உளி பட்ட இடம் சொரசொரன்னு அப்படியே இருந்துச்சு. ஒரு ஊர்க்காரர் போருக்குத் தயாரானதை அதைவிட நெருக்கமா எந்த பெஸ்ஸும் காட்டாது.

நெல்வயல்: பென்சில்வேனியா நீள ரைஃபிள் எடுத்தா என்ன? குறி தப்பாதே.

கோட்டைவாசல்: இந்த இடத்துக்கு வேண்டாம் தம்பி. ரைஃபிள் கம்பெனிகளை (படைப்பிரிவுகளை) திரட்ட அமெரிக்கக் காலனிகளோட காங்கிரஸ் சபை தீர்மானம் போட்டதே, லெக்சிங்டனுக்கு அப்புறம், 1775 ஜூன் 14. அதுவும் பென்சில்வேனியா, மேரிலாண்ட், வர்ஜீனியா ஆட்களை வெச்சு.

மழைக்காகம்: அப்ப என் பெஸ்?

கோட்டைவாசல்: 46 அங்குலம் கிடைச்சா தைரியமா எடுங்க. முதல்ல உங்க குழுத் தலைவர்கிட்ட கேளுங்க. பல குழுக்கள்ல அவர் ஒத்துக்காத துப்பாக்கியோட வரிசையில நிக்க முடியாது. எதை வாங்கினாலும், சுடறப்ப பக்கவாட்டுல பொறி தெறிக்காம மறைக்கிற பித்தளைப் பொறித்தடுப்பு மாட்டுங்க. அந்தக் காலத்துல அது கிடையாதுதான், ஆனாலும் மாட்டுங்க. போன வருஷம் என் இடப்பக்கம் நின்னவர் தடுப்பில்லாம சுட்டார். மருந்துப் பொறி என் காதோரம் தெறிச்சு, தழும்பு இன்னும் இருக்கு.

தீக்கல்: தடுப்பு விஷயத்துல அண்ணன் சொல்றதுக்கு மறுபேச்சே இல்ல. துப்பாக்கி மட்டும் ஃபவ்லரா இருக்கட்டும்.

மழைக்காகம்: இன்னைக்கு ராத்திரி தலைவர்கிட்ட பேசறேன். பழைய ஃபவ்லர் ஒண்ணு குழுவுல சும்மா கிடக்குன்னு கேள்வி. முதல்ல அதைப் போய்ப் பார்க்கறேன்.