உபுண்டுவை அழித்த பிறகும் பூட் மெனுவில் அதன் பெயர் நிற்கிறது

வணக்கம் உறவுகளே, கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். லப்டொப்பில் விண்டோஸ் 11 உடன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. இடம் போதாமல் டிஸ்க் மனேஜ்மென்டில் உபுண்டுப் பகுதியை அழித்தேன். அப்புறம் ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையில் 'கிரப்>' என்று உபுண்டுவின் பூட் நிரல் வந்து நிற்கிறது. பயோஸுக்குள் போய் விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரிவு செய்தால்தான் திறக்கிறது.

பூட் பதிவுகளைக் காட்டும் பிசிடிஎடிட் கட்டளையில் ஃபேர்ம்வெயர் பட்டியலைப் பார்த்தேன். உபுண்டு அப்படியே இருக்கிறது. அந்தப் பதிவை அழிக்கலாம், சரி. ஆனால் பூட் கோப்புகள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பகுதிக்குள் உள்ள உபுண்டு கோப்புறையையும் நீக்க வேண்டுமா? பக்கத்திலேயே மைக்ரோசொப்ட் கோப்புறை இருப்பதால் கை வைக்கப் பயமாக இருக்கிறது. தங்கச்சியின் உயர்தரப் பாடக் குறிப்புகள் முழுக்க இதில்தான். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரும் போட்டிருக்கிறேன், மீட்புச் சாவியை எழுதி வைத்துவிட்டேன்.

செய்து பார்த்த அண்ணாமார், அக்காமார் எதை முதலில் அழிப்பது என்று சொல்லுங்கள்.