விளக்கு ஏத்தப் போனேன், வேண்டிக்க வார்த்தை வரல

காவேரிப்பட்டணம் தோப்புக்காரன்:
மூணு ஏக்கர்ல பெங்களூரா ரக மாந்தோப்பு. போன வருஷம் காய் இருந்தும் மாங்கூழ் ஃபேக்டரி குடுத்த விலை பறிப்புக் கூலிக்கே பத்தல. இந்த வருஷம் பூவே கருகி உதிர்ந்துடுச்சு. நகையெல்லாம் அடமானத்துல. தேய்பிறை அஷ்டமி தவறாம அதியமான்கோட்டை காலபைரவருக்குச் சாம்பல் பூசணியில விளக்கு ஏத்துவேன். போன மாசம் திரியைப் பத்த வைக்கறப்ப கை அப்படியே நின்னுடுச்சு. எனக்கு நம்பிக்கை போயிடுச்சா?

அரூர் அக்கா:
இல்ல தம்பி. கோயில் வரைக்கும் போனீங்கல்ல. எங்க வீட்டுக்காரர் படுக்கையில கெடந்த பதினாலு மாசமும் நான் தீர்த்தமலைக் கோயிலுக்கு ஏறினேன். ராமர் தீர்த்தம் பாறையிலேர்ந்து விழுதே, சித்திரை வெயில்லயும் அது நின்னு நான் பார்த்ததில்ல. அதுக்கடியில தலையை நனைச்சுக்கிட்டு அழுவேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். அவர் பிழைக்கல. ஆனா அந்த மலை ஏறாம இருந்திருந்தா நான் இன்னைக்கு இல்ல. வார்த்தை வரலன்னா சும்மா உக்காந்துட்டு வாங்க, பைரவருக்குத் தெரியும்.

பர்கூர் விவசாயி:
அண்ணே, நகைக்கு வட்டியையாவது கட்டித் திருப்பி வைங்க, ஏலத்துக்கு விட்டுடாதீங்க. மழை விழுந்ததும் மரத்துக்கு நடுவுல கொள்ளு தூவுங்க.

காவேரிப்பட்டணம் தோப்புக்காரன்:
அக்கா, படிச்சு ரொம்ப நேரம் அழுதேன். வர்ற அஷ்டமிக்கு வீட்டுல அவளையும் கூட்டிட்டுப் போறேன்.